மாதா வளைவுக்கு எட்டு ஜீபி

— இருபத்திரெண்டு வருஷம் தம்பி! மலைநாட்டு ரோட்டுல இந்தச் சூசைரட்ணம் ஓட்டின பஸ்ஸுல ஒரு கீறல் விழுந்ததில்ல. அப்பிடிப்பட்டவன்கிட்ட வந்து கம்பியூட்டருக்கு நாலு ஜீபி கிராஃபிக்ஸ் கார்டு போதும்ங்கிற. இது டிரைவர்மார் எல்லாருக்கும் அவமானம்.

— கீறல் விழலதான் தம்பி. டிசம்பர்ல பஸ்ஸோட முன்சில்லு ரெண்டும் பள்ளத்துக்கு மேல தொங்கிச்சு, அவ்வளவுதான்.

— தெரேசா, நீ போய் தம்பிக்கு டீ ஊத்து.

— ஊத்தி வச்சு ஆறியும் போச்சு. குடிங்க திலக்ஷன். நுவரெலியா கடையிலருந்து கந்தப்பளைக்கு இந்த மழையில வந்திருக்கீங்க.

— பரவால்லக்கா. அண்ணே, எட்டு ஜீபி கூடாதுன்னு நான் சொல்லல. இந்தப் பெட்டிக்குள்ள போகாதுங்கிறேன். இது ஆபீஸ்ல கடுதாசி அடிக்கிற கம்பியூட்டர். ஒல்லிப் பெட்டி. எட்டு ஜீபி கார்டு ரெண்டு ஃபேனோட நீளமா இருக்கும். தனியா ஒரு கரண்டு வயரும் கேக்கும். இதுல அந்த வயரே கிடையாது.

— என் மகன் ஜெரோமி கட்டாருக்குப் போறப்ப, "அப்பா, இது கேமிங் மெசின்"னு சொல்லிட்டுத்தான் போனான்.

— நீல லைட்டு ஒட்டியிருக்காருல்ல, அதனால சொல்லியிருப்பாரு. உள்ள இருக்கிறது ரெண்டு ஜீபி கார்டு. அத எடுத்துட்டு நாலு ஜீபி ஒண்ணு போட்டா நீங்க ஓட்டுற இந்த பஸ் கேமுக்குத் தாராளம். பாவிச்ச பழைய கார்டு ஒண்ணு கடையில கிடக்கு.

— ரீகண்டிஷனா?

— அப்பிடித்தான்னு வச்சுக்குங்களேன்.

— எத்தன ஓனர்? எவ்வளவு ஓடியிருக்கு?

— அதுக்கு மீட்டர் இல்லண்ணே.

— மீட்டர் இல்லாத வண்டிய நான் தொட்டதே இல்ல. ராப்பகலா பிட்கொயின் தோண்டின கார்டையெல்லாம் தொடச்சு விக்கிறானுகளாம். எனக்கும் நாலு விஷயம் தெரியும்.

— இந்த வீட்டுல கிராஃபிக்ஸ் கார்டப் பத்தித்தான் பேச்சு தம்பி, சோறு வெந்துச்சான்னு ஒரு வார்த்த கிடையாது. திங்கக்கிழம பஸ் முதலாளி வரச் சொல்லியிருக்காரு. அன்னைக்குப் போகலன்னா வேற டிரைவர போட்டுருவாராம். அதப் பத்தி வாயே தொறக்க மாட்டேங்கிறாரு.

— கார்டு வரட்டும்னு சொல்லிட்டேன்ல? கார்ட போட்டு, இதுல நுவரெலியா வரைக்கும் ஒரு ட்ரிப் முழுசா ஓட்டிட்டுத்தான் பஸ்ஸுல ஏறுவேன். முறைன்னு ஒண்ணு இருக்கு.

— முதல்ல ஸ்டீரிங் வரட்டும்னாரு. ஜெரோமி காசு அனுப்பினான், வந்துச்சு. பொறகு பெடல் வரட்டும்னாரு. அதுவும் வந்துச்சு. இப்ப கார்டு. அடுத்து கண்டக்டரக் கேப்பாரு.

— நீங்க எங்க ஓட்டுறீங்கண்ணே?

— நம்ம ரோட்டத்தான். நம்ம பசங்க கேமுக்குள்ள அப்பிடியே செஞ்சு போட்டிருக்கானுக. கடை, பாலம், கேரட் ஏத்துற லொறி, எல்லாம் இருக்கு. வளைவுல மாதா சுரூபமும் வச்சிருக்கானுக. ஆனா மொகம் மட்டும் கட்டம் கட்டமாத் தெரியுது. மாதாவக் கும்பிடாம நான் அந்த வளைவத் தாண்டினதே இல்ல. மொகம் தெரியாம எப்பிடிக் கும்பிடறது? அதுக்குத்தான் எட்டு ஜீபி.

— மாதா எப்பருந்து ஜீபி பாக்க ஆரம்பிச்சாங்க?

— நீ சும்மா இரு. மொகம்கூடப் போகட்டும் தம்பி. வளைவுக்கு வந்ததும் படம் அப்பிடியே நின்னுருது. ஒரு நாள் விடாம. இந்த ரெண்டு ஜீபியால அந்த மூடுபனிய இழுக்க முடியல.

— அந்த வளைவுலதானா டிசம்பர்ல…?

— ஆமா. மண்ணு சரிஞ்சு கிடந்துச்சு, வழுக்கிருச்சு. என் மேல பிழையில்லன்னு பொலிஸே எழுதிக் குடுத்துட்டாங்க.

— பயந்துட்டீங்களாண்ணே?

— பயமா? ஒண்ணும் தோணல. நாப்பத்தி மூணு பேரும் பின்கதவால எறங்கினாங்க. கடைசியா வினோஜன், நம்ம கண்டக்டர். நல்ல மழை. ஒண்ணுமே தோணல தம்பி.

— எல்லாரும் எறங்கிட்டாங்க, இவரு எறங்கல. ஒன்றரை மணித்தியாலம். நாலு பேரு தூக்கித்தான் எறக்கினாங்க. வீட்டுக்கு வந்து என்கிட்ட, "இன்னைக்கு என்ன கறி?"ன்னு கேட்டாரு.

— கறி கேக்கிறது குத்தமா?

— குத்தமில்ல. இன்னிக்கு வரைக்கும் வேற எதுவும் கேக்கல.

— சரி, கார்டு வாங்குறதுக்கு முன்ன ஒருக்கா பாத்துருவோம். கேம் செட்டிங்ல பனியக் கொறைச்சாச்சு. நெழல எடுத்தாச்சு. ரோட்டோரத்து மரத்தக்கூடப் பாதியா வெட்டியாச்சு. இப்ப இந்த ரெண்டு ஜீபியே நல்லா இழுக்கணும். ஓட்டுங்கண்ணே.

— மரமில்லாம இது என்ன மலைநாடு? சரி, பாருங்க. ரைட், போலாம்!

— வீட்டுக்குள்ளயும் ஹோர்ன் அடிக்கணுமா? பக்கத்து லயத்து வீட்டு வேலாயி பஸ்ஸுன்னு நெனச்சு பையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துச்சு போன வாரம்.

— ஹோர்ன் அடிக்காம வளைவு எடுக்கிறவன் டிரைவரா? பாத்தியா தம்பி கை? ஒரு விரல்ல திருப்புறேன். அந்தா கேரட் லொறி. விட்டாச்சு. அடுத்தது பாலம். அடுத்து…

— நல்லாத்தானே ஓடுது?

— கொஞ்சம் பொறு. இந்தா வருது… வந்துருச்சு… பாத்தியா? நின்னுருச்சு! நான் சொல்லல? ஸ்டக்!

— ஏங்க, படத்துல வைப்பர் ஆடுதே?

— அது வேற வயரு.

— மழையும் பெய்யுதே?

— மழைக்கெல்லாம் ஜீபி வேணாம் தெரேசா. தெரியாத விஷயத்துல பேசாத.

— மேசைக்கடியில என்ன தம்பி தேடுறீங்க?

— வயர் ஏதும் கழண்டிருக்கான்னு பாக்கிறேன்க்கா.

— கழண்டிருக்கா?

— இல்லக்கா. எல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு.

— அப்ப சந்தேகமே இல்ல. எழுதிக்க தம்பி, எட்டு ஜீபி.

— கார்டு தேவையில்லண்ணே. ரெண்டு காலாலயும் பிரேக்க மிதிச்சுக்கிட்டு இருக்கீங்க.