தூங்குமூஞ்சி மரத்தடி இடம்

அடையாறிலிருந்து தி.நகர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள். ஜன்னலோரம் இருந்தவர் வாக்கிங் போய்விட்டு நேராக ஏறியிருக்க வேண்டும். டி-ஷர்ட் முதுகில் ஒட்டியிருந்தது.

“அந்த எடத்த நான் குமாருக்குக் குடுத்திருக்கவே கூடாது மச்சி,” என்றார் அவர்.

வீட்டுமனைத் தகராறு என்று நினைத்தேன்.

“எந்த எடம்?” என்றார் மற்றவர்.

“யுனிவர்சிட்டி உள்ள, தூங்குமூஞ்சி மரத்தடி. காலைல நாலு ரவுண்டு நடந்துட்டு, கேன்டீன்ல மலிவா இட்லி துன்னுட்டு, இருட்டுற வரைக்கும் அங்கதான் கவர்மெண்ட் பரீட்சைக்குப் படிப்போம். ராசியான எடம். பாஸ் ஆனவன் இன்னொருத்தன குந்த வெச்சிட்டுப் போவணும். நான் குமார குந்த வெச்சேன்.”

“நல்லதுதான பண்ண?”

“அப்ப அவங்கப்பா ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குக் கூப்டுகினு இருந்தாரு. இவனும் போறேன்னுதான் சொன்னான். நாந்தான் ராசியான எடம்டா, வுட்றாதன்னேன். இப்ப பட்டறையும் இல்ல. பரீட்சை எழுதற வயசும் இந்த வருஷத்தோட முடியுது.”

“அவன பாத்தியா?”

“டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு இன்னிக்கி அங்க போனேன். அதே எடத்துல குந்திகினு கீறான். என்னப் பாத்ததும் புக்க நவுத்திட்டு, பக்கத்துல எடம் வுட்டான்.”

“குந்துனியா?”

“ஆபீஸுக்கு டைமாச்சுன்னு வந்துட்டேன்.”

“இன்னிக்கி ஞாயித்துக்கெழமடா.”

“அவனுக்கும் தெரியும் மச்சி.”