லெச்சுமியை மட்டும் எடுக்க முடியாது

மடுல்சீமை பஸ் பசறையில் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றபோது, பின் சீட்டில் ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது.

"என்னையத் திரும்ப எடுக்கணும்னா, தோட்டத்தையே போன மாசத்துக்குக் கொண்டு போகணுமாம்."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். சொன்னவள் சிரிக்கவில்லை.

"யாரு சொன்னா லெச்சுமி?"

"கிளாக்கர் ஐயாதான். என் பேருக்காரி முனியாண்டி லெச்சுமி செத்துப் போனாள்ல, கம்பியூட்டர்ல அவ பேர அழிக்கப் போயி என் பேர அழிச்சிட்டாரு. மாசம் முடிஞ்சுதான் பார்த்தாராம்."

"பழைய பதிவுக்குக் காப்பி இருக்கும்னாங்களே?"

"இருக்கு. ஆபீஸ் கம்பியூட்டர் இப்ப கொழும்புல ஒரு பெரிய மெசினுக்குள்ள ஓடுதாம். தெனமும் அத முழுசா காப்பி எடுக்குறாங்களாம். திருப்பி எடுத்தாலும் முழுசாத்தான் வருமாம். அப்படிப் பழசக் கொண்டு வந்தா, அதுக்கப்புறம் எல்லாருக்கும் பதிஞ்ச வேலை போயிருமாம். ஒருத்திக்காக அதச் செய்ய மாட்டாங்களாம்."

"அப்ப புதுசா பதியச் சொல்லு."

"பதிஞ்சா, இன்னைக்கு வேலைக்கு வந்தவளாத்தான் காட்டுமாம். பழைய தேதிய அது ஏத்துக்காதாம். கல்யாணம் கட்டி வந்த நாள்லேருந்து நான் கொழுந்து எடுத்தது என்னா ஆகுறது?"

பஸ் கிளம்பியது.

"இப்ப என்னாதான் செய்யச் சொல்றாரு?"

"செத்தவ பேரு இன்னும் அழியாம இருக்குல்ல, அதுலயே நான் வேல செய்யட்டுமாம். காலையில பெரட்டுக்களத்துல பேரு கூப்பிடும்போது, 'முனியாண்டி லெச்சுமி'ன்னாரு கணக்கப்புள்ள. அவளக் குளிப்பாட்டி கோடி போட்டவ நான்."

"நீ என்னா சொன்ன?"

"'இருக்கேங்க'ன்னு சொன்னேன்."