ரைஹானத் பங்கிட்டுக் கொடுத்த மாத்திரை

மேடையில் வீற்றிருக்கும் ஜமாஅத் பெரியவர்களே, பீடிக் கடை ஏஜெண்ட் மகேஸ்வரன் அண்ணாச்சி அவர்களே, மருந்துக் கடைக்காரர்கள் சார்பில் வந்திருக்கும் நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் வெயிலில் நிற்கும் என் பீடி சுற்றும் சகோதரிகளே! அனைவருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் சங்கத்தின் செயலாளர், மேலப்பாளையத்துப் பெண்களின் குரல், போராளி ரைஹானத் போய்விட்டார். சங்கத் தலைவி என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பேசுகிறேன். ஆனால் அழுவதற்கு வரவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நான் எழுந்தபோதே மேடையிலிருந்து ஒரு பெரியவர் காதருகே குனிந்து சொன்னார்: "சித்ரலேகாம்மா, பொம்பளைக சமாச்சாரம்லா. காய்ச்சல்னு மட்டும் சொல்லிருங்க." தெருவில் ஒட்டிய சுவரொட்டியிலும் 'உடல்நலக் குறைவால்' என்றுதான் இருக்கிறது. என்ன குறைவு? எந்த உறுப்பில் குறைவு? மாரடைப்பு என்றால் மைக் வைத்துச் சொல்வீர்கள். இதற்கு மட்டும் வாய் கூசுகிறதா? நான் சொல்கிறேன். ரைஹானத்துக்கு வந்தது மூத்திரப்பையில் கிருமித் தொற்று. மூத்திரம்! கடைசி வரிசைக்குக் கேட்டதா?

யார் இந்த ரைஹானத்? நல்ல பீடியையெல்லாம் 'கழிவு' என்று ஒதுக்கிவிட்டு, ஒதுக்கியதையும் திருப்பித் தராமல் அள்ளிப் போட்டுக்கொண்ட கணக்குப்பிள்ளையின் முன்னால் போய் நின்றவர். ஒதுக்கிய பீடியில் ஒன்றை எடுத்து நீட்டி, "பத்த வையும் வே. நல்லா இல்லைன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிருதேன்" என்றார். அந்த மனுஷன் வேறு வழியில்லாமல் பற்றவைத்தான். கடைசி இழுப்பு வரை இழுத்தான். சுற்றி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு பஜார் வரை கேட்டது. மறுநாளிலிருந்து கழிவு குறைந்துபோனது. அப்பேர்ப்பட்ட பெண்! அவளையா ஒரு நீர்க்கடுப்பு கொண்டுபோனது?

எப்படி வந்தது அந்த நோய்? காலையில் பீடிக்கட்டோடு கடைக்குப் போனால், சரிபார்த்து, இலையும் தூளும் வாங்கித் திரும்ப உச்சிப்பொழுது ஆகிவிடும். அங்கே பெண்கள் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. அதனால் விடிந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டோம். வீட்டுக்கு வந்ததும் இலையும் தூளும் பரப்பிய சுளவு முறத்தை மடியில் வைத்தால் எழுந்திருக்க மனம் வராது. இத்தனை கட்டு முடிந்த பிறகு போவோம் என்று அடக்கிக்கொண்டே சுற்றுவோம். இங்கே நிற்கிறவர்களில் யாராவது இல்லையென்று சொல்லுங்கள்!

டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னபோது ரைஹானத் கேட்டாள்: "குடிக்கச் சொல்லுதிய, சரி. போறதுக்கு ஒரு எடம் சொல்லுங்க டாக்டர்." அவர் சிறுநீரைப் பரிசோதித்து ஐந்து நாளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எரிச்சல் போனாலும் நிறுத்தக் கூடாது, எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இரண்டாம் நாள் எரிச்சல் நின்றது. மூன்றாம் நாள் அடுத்த வீட்டு ஷரீபா பீவிக்கு அதே கடுப்பு. நம் தெருவில் என்ன வழக்கம்? உப்பு, புளி போல மாத்திரையும் கைமாறும். ரைஹானத் மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். "இந்தாங்க மைனி, எனக்குச் சரியாயிட்டு. நீங்க போட்டுக்கிடுங்க." எவ்வளவு அன்பு பாருங்கள்! இரண்டு பேருக்கும் பாதிப் பாதி வைத்தியம். இரண்டு பேருக்கும் நோய் தீரவில்லை. மறுபடி எரிந்தபோது இவள் இன்னொரு வீட்டு மிச்சத்தை வாங்கிப் போட்டாள். அப்புறம் வேறொரு வீடு, வேறு நிறத்து மாத்திரை.

ஒருநாள் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிருமி மூத்திரப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஒரு மருந்து ஏற்றினார்கள், கேட்கவில்லை. மாற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை. "அரைகுறையா அடிவாங்கின கிருமிம்மா, மருந்துக்குப் பழகிட்டு" என்றார் டாக்டர். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கண்டுபிடிக்கச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது ரைஹானத் இல்லை.

செத்தவளைத் திட்டலாமா? திட்டுகிறேன். பைத்தியக்காரி! கணக்குப்பிள்ளையையே பீடி பற்றவைக்க வைத்தவளுக்கு, முழு மருந்தையும் விழுங்கத் தெரியவில்லையே! எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் அவளை மட்டும் திட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள். மருந்துக் கடை நண்பர்களே! "நீர்க்கடுப்புக்கு ரெண்டு குடுங்க" என்று யார் வந்து நின்றாலும், டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டீர்களா? அட்டையைக் கத்தரியால் நறுக்கித் தாளில் மடித்துக் கொடுத்தீர்கள். மிட்டாய் விற்கிறவன்கூடக் கொஞ்சம் யோசிப்பான். வீட்டு ஆண்களே! "பொம்பளைகளுக்கு வாரதுதானே" என்று புரண்டு படுத்தீர்கள். மகேஸ்வரன் அண்ணாச்சி, கழிப்பறை கட்டுங்கள் என்று ரைஹானத் உங்களிடம் வந்து நிற்காத மாதம் உண்டா? "பாப்போம்மா, பாப்போம்" என்றீர்கள். உங்களுக்கு மட்டும் கடைக்குள்ளே ஒன்று இருக்கிறது, பூட்டுப் போட்டு வைத்திருக்கிறீர்கள். நீங்கள் காலையில் குடித்த டீ மட்டும்தான் வெளியே வர வேண்டுமா? எங்களுக்கு வயிறு இல்லையா?

அடுத்து இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. வேண்டாம். மௌனமாக இருந்து இருந்துதான் இங்கே வந்து நிற்கிறோம்.

ரைஹானத்தின் மகள் ஸமீஹா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இன்று காலை துக்கம் கேட்கப் போனேன். தோளில் சாய்ந்து அழுத பிள்ளை காதில் சொன்னாள்: "எனக்கும் எரியுது அத்தை. துட்டி கேக்க வந்தவங்கள்ல ஒருத்தவ ரெண்டு மாத்திரை தந்தாவ." மையத்து எடுத்த வீட்டில், உம்மாவைப் பறிகொடுத்த பிள்ளையின் கையில், மறுபடியும் இரண்டு மாத்திரை! பிடுங்கித் தூர எறிந்தேன். இதை மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க அத்தை, மைக்லயே சொல்லுங்க" என்றாள். ரைஹானத்தின் மகள் அல்லவா!

ஆகவே சகோதரிகளே, நம் செயலாளர் விட்டுப்போன வேலையை எடுத்துச் செய்வோம் என்று இங்கே உறுதி ஏற்கிறோம். கழிப்பறைக்கு அடிக்கல் நாட்டும்வரை நாளை முதல் ஒரு பீடிக்கட்டும் கடைக்குப் போகாது. மிச்ச மாத்திரை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகாது. இது நாளைய வேலை. இன்றைய வேலை ஒன்று இருக்கிறது. வாசலில் ஆட்டோ நிற்கிறது. ஸமீஹாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். சிறுநீரைச் சோதித்து, டாக்டர் எழுதும் மருந்தைக் கடைசி மாத்திரை வரை அவள் விழுங்குவதை நான் நின்று பார்ப்பேன். உங்களில் யாருக்கெல்லாம் எரிகிறதோ, எழுந்திருங்கள். ஆண்கள் பார்க்கட்டும். பார்க்கத்தான் வேண்டும்.

யாருமில்லையா?

ஸமீஹா எழுந்துவிட்டாள். வாம்மா. யார் அங்கே, தூணோரம்? ஷரீபா பீவி மைனியா? வாருங்கள். விஜயஸ்ரீ, நீயுமா? எத்தனை நாளாக? ஏன் சொல்லவில்லை? அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் கை தூக்குங்கள். இன்னும் வருகிறார்களே… அண்ணாச்சி, குனியாதீர்கள், நிமிர்ந்து பாருங்கள்!

தம்பிகளா, ஓடுங்கள். ஒரு ஆட்டோ பத்தாது. பஸ் பிடியுங்கள்.