கவிழ்த்து வைத்த பதின்மூன்று கப்

விடியலுக்கு முன் விழித்து, வியர்வையிலே குளித்து, வீதியெல்லாம் அளந்து, நம் ஓட்டக் குழுவை ஒன்பது ஆண்டுகளாகக் கட்டிக் காத்துவரும் அவைத்தலைவர், பல் மருத்துவர் அவர்களே! முன்வரிசையை அழகு செய்யும் மூத்தோர்களே! ஞாயிறு தோறும் நாங்கள் கழற்றி எறியும் காலுறைகளை மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்து, அதன் பிறகும் எங்களை வீட்டுக்குள் விடுகிற தாய்மார்களே! ஓடுகிறவர்களே! ஓடிக் களைத்தவர்களே! 'அடுத்த மாசத்துலேர்ந்து நிச்சயமா வர்றேன்' என்று ஐந்து ஆண்டுகளாகச் சொல்லிவரும் அன்பர்களே! கடைசி வரிசையில், கதவோரத்தில், கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தையல்காரத் தங்கையே! அனைவருக்கும் கண்ணாடிக் கடைக்காரனின் கனிவான வணக்கம்!

என்ன? ஒலிபெருக்கி கத்துகிறதா? கத்தட்டும். அதற்காவது என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கிறதே!

சபையோரே, ஒரு குழப்பத்தோடு வந்திருக்கிறேன். என் சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கிறது. கால்சட்டைப் பையில் இன்னொரு தாள் இருக்கிறது. ஒன்று, இந்தக் கேடயத்தை நன்றியோடு வாங்கிக்கொள்ளும் பேச்சு. மற்றொன்று, வாங்காமல் இருப்பதற்கான பேச்சு. மேடையேறும் அவசரத்தில் எது எந்தப் பையில் என்று மறந்துபோயிற்று. இப்போது கையில் வந்திருப்பது, 'இந்தப் பெருமைக்கு நான் முற்றிலும் தகுதியானவன்' என்று தொடங்குகிறது. இதை மடித்து உள்ளே வைத்துவிடுகிறேன்.

அம்மணி முன்வரிசையில் முறைக்கிறார். என் மனைவியைச் சொல்கிறேன். கிளம்பும்போதே சொல்லி அனுப்பினார்: "குடுத்தா வாங்கிக்கிட்டு, ரெண்டு வார்த்தை பேசிட்டு இறங்குங்க. அங்க போய் உளறாதீங்க." உளறப் போகிறேன், பொறுத்துக்கொள். உனக்கே தெரியாத ஒன்றைத்தான் உளறப் போகிறேன்.

கேடயத்தில் என்ன பொறித்திருக்கிறார்கள்? 'எவரையும் பின்னால் விடாதவர்.' எழுத்து தெளிவாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற எனக்கு, அந்த வரிதான் கலங்கலாகத் தெரிகிறது.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் முதலில் ஓடுகிறவர் கையில் சாக்கட்டி இருக்கும். எங்கே பாதை பிரிகிறதோ, அங்கே போக வேண்டிய தெருவுக்குள் நான்கு அடி தள்ளி ஓர் அம்புக்குறி போடுவார். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்து வருவார்கள். எல்லாருக்கும் கடைசியாக ஒருவர் வருவார். அவருக்குப் பெயர் வால். அவர் கழுத்தில் விசில், இடுப்பில் தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு அம்புக்குறியையும் தண்ணீர் ஊற்றிக் காலால் தேய்த்து அழித்துவிட்டு வருவது அவர் வேலை. அழிக்காவிட்டால், அடுத்த வாரம் வேறு பாதை போட்டால், பாதிப் பேர் பழைய அம்பைப் பார்த்துப் போய்விடுவார்கள். ஒருமுறை அப்படிப் போய், நம் பேக்கரிக்காரர் யார் வீட்டுக் கார் கொட்டகையிலோ போய் நின்றார்.

எழுந்திருக்க வேண்டாம் பேக்கரிக்காரரே, உங்களுக்கு இன்னும் இருக்கிறது.

கடைசியாக மேட்டு உச்சியை அடைந்ததும் வால் உரக்க ஒரு குரல் கொடுக்க வேண்டும்: "பின்னாடி யாருமில்ல!" அந்தக் குரல் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். நான்கு ஆண்டுகளாக அந்த வால் நான். நான்கு ஆண்டுகளாக அந்தக் குரல் என் குரல்.

இனி எட்டு வாரத்துக்கு முந்திய அந்த ஞாயிறுக்கு வருகிறேன். கோடையின் கொடுமையைச் சொல்லவா? காற்றே கனத்துக் கிடந்த காலையைச் சொல்லவா? சுடுகிற வெயிலைக்கூடத் தாங்கலாம், ஐயா! சூரியன் எழும் முன்பே சட்டை பிழியப் பிழிய நனைந்து, வழிந்த வியர்வை உலராமல், உலராத உடம்பு ஆறாமல், ஈரத் துணியால் முகத்தைப் பொத்தியது போலே ஒரு புழுக்கம்! அன்று இருபத்திரண்டு கிலோமீட்டர். மூன்று மேடுகள். நாங்கள் பன்னிரண்டு பேர். கைப்பேசிகளெல்லாம் தலைவர் காரில், மேட்டுக்குக் கீழே, நீச்சல்குள வாசலில்.

இரண்டாம் மேட்டின் அடியிலே ஒரு மேசை. மேசைமேல் தண்ணீர் டிரம், காகிதக் கப்புகள். யார் வந்தாலும் ஒரு கப் குடித்துவிட்டு, அந்தக் கப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். வால் வந்து கவிழ்த்த கப்புகளை எண்ணுவார். பதினொன்று இருந்தால் பதினொரு பேரும் முன்னால் போயாயிற்று. குறைந்தால், நின்று காத்திருக்க வேண்டும். எளிய கணக்கு! இரண்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு!

நான் எண்ணினேன். பதினொன்று. இருமுறை எண்ணினேன். பதினொன்று. என் கப்பையும் கவிழ்த்தேன், பன்னிரண்டு. நெஞ்சை நிமிர்த்தினேன், மேலே போகும் மூன்று அம்புக்குறிகளையும் தேய் தேய் என்று தேய்த்து அழித்தேன், உச்சியில் நின்று ஊர் அதிரக் கத்தினேன்: "பின்னாடி யாருமில்ல!"

தலைவர் தலைகளை எண்ணினார். பதினொன்று. வாயில் பல்லைத் தேடுகிறவர் போலத் திரும்பத் திரும்ப எண்ணினார். பதினொன்றுதான்.

"டெய்லரம்மா எங்க?" என்றார்.

எங்கே? அதுதான் எனக்குப் புரியவில்லை! கப் பொய் சொல்லுமா? காகிதம் கணக்கு மாற்றுமா? என் கண்ணால் எண்ணினேனே! அப்போது நம் பேக்கரிக்காரர் மூச்சு வாங்க, மெதுவாகக் கேட்டார்: "நான் ரெண்டு கப் குடிச்சேன். ரெண்டையும் கவுத்துட்டேன். தப்பா?"

கேட்டீர்களா, சபையோரே! தாகம் ஒருவருக்கு, தண்டனை இன்னொருவருக்கு! ... என்ன பேக்கரிக்காரரே? "புழுக்கம்யா, என்ன பண்றது" என்கிறீர்களா? உங்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? நீங்கள் கேட்டவுடன் ஒப்புக்கொண்டீர்கள். எனக்கு எட்டு வாரம் ஆயிற்று.

தங்கை, மேசைக்கு முன்பே வரும் பெட்ரோல் பங்க்கின் கழிவறைக்குள் போயிருந்த நேரத்தில் நான் அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன். வாலுக்கும் பின்னால் ஒருவர்! வழிகாட்டும் அம்புகளையெல்லாம் அவர் வருவதற்கு முன்பே வழித்தெறிந்துவிட்டு வந்து நிற்கிறேன். வேலியே பயிரை மேய்ந்த கதை!

"நான் அழிச்ச பாதை. நானே போறேன்" என்றேன். தலைவர் காரை எடுக்க மறுபக்கம் இறங்கி ஓடினார். மற்றவர்கள் உச்சியில் நின்றார்கள். நான் வந்த வழியே திரும்பி இறங்கினேன்.

வந்த வழி! எது வந்த வழி? பாதியிலே முச்சந்தி. எனக்கு முன்னால் இரண்டு தெரு. இரண்டிலும் ஒரே மாதிரிச் சுவர், ஒரே மாதிரி வாசல், ஒரே மாதிரி மின்கம்பம். அம்புக்குறி முன்னால் போகத்தான் வழி சொல்லும், பின்னால் போக வழி சொல்லாது என்பது நான்கு ஆண்டுகளில் எனக்குத் தோன்றவே இல்லை. இடதா? வலதா? தலை கிறுகிறுத்தது. அந்தப் புழுக்கத்தில் எனக்குக் குளிரெடுத்தது, நம்புங்கள்! கை மயிர் குத்திட்டு நின்றது. இடது பக்கம் இறங்கினேன். அது ஒரு பள்ளிக்கூடத்தின் பூட்டிய பின்கதவில் போய் முடிந்தது.

அங்கே ஒரு படியில் உட்கார்ந்தேன். யாரைத் தேடி வந்தேன்? ஏன் வந்தேன்? என் கழுத்தில் ஏன் விசில் தொங்குகிறது? விசில் என்றால் ஊத வேண்டும் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன்.

எதிரே ஒருவர் வந்து நின்றார். நம் தங்கை.

"அண்ணா, இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

"உன்னைத்தான் தேடுறேன்."

"நான் இங்கதான் நிக்கிறேன். இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க."

"சட்டை."

"எத்தனை பேரு ஓட வந்தோம்?"

"கப்பு."

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று அவர் சிரிக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார், தன் பாட்டிலில் இருந்த கடைசித் தண்ணீரை அதில் ஊற்றினார், என் பிடரியில் போட்டார். நிழலுக்கு இழுத்துப் போய்ப் படுக்க வைத்து, என் கால்களைத் தூக்கிப் படியில் வைத்தார். என் வீட்டம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டுக் கேட்டு, நான் சரியாகச் சொல்லும் வரையில் விடவில்லை. கால் மணி கழித்துச் சொன்னேன். அம்மணி, உன் வேலையை மறந்ததற்கு மன்னித்துவிடு.

புத்தி தெளிந்ததும் கேட்டேன்: "அம்பெல்லாம் அழிச்சுட்டேனேம்மா, எப்படி வந்தே?"

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க அழிச்ச இடமெல்லாம் ஈரமா இருந்துச்சு அண்ணா. இந்தப் புழுக்கத்துல எது காயுது? ஈரத்தைப் பாத்துக்கிட்டே வந்தேன். மேசையில பன்னெண்டு கப்பு கவுந்திருந்துச்சு. என்னை விட்டுட்டுக் கணக்கு முடிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சுது. நானும் ஒண்ணு கவுத்து வெச்சேன், பதிமூணு. மூணு ரோடு சேர்ற இடத்துல மேல போற பக்கம் ஈரம் இருந்துச்சு. இந்தப் பக்கம் விசில் கேட்டுச்சு."

மேலே போயிருக்கலாமே! வழி தெரிந்தது, உச்சி தெரிந்தது, நிழலும் நீரும் நண்பர்களும் அங்கே! ஆனால் விசில் கேட்ட பக்கம் திரும்பினாரே, அந்தத் திருப்பத்தால்தான் சபையோரே, நான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். உலராத புழுக்கம் என்னை வீழ்த்தியது. அதே உலராத புழுக்கம்தான் அவருக்கு வழி காட்டியது. தேடப் போனவன் தொலைந்தான். தொலைந்தவர் என்று நாம் தேடியவரோ, ஒரு தெருவைக்கூடத் தவறவிடவில்லை!

அவர் தோளில் கை போட்டபடி உச்சிக்கு ஏறினேன். பார்த்தவுடன் நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். "வால் கண்டுபிடிச்சுட்டாரு!" என்று கத்தினீர்கள். ஒருவர் தங்கையிடம், "இனிமே கொஞ்சம் வேகமா வாங்கம்மா" என்றார். நான் வாயைத் திறந்தேன். தண்ணீரை ஊற்றிவிட்டார்கள்.

அன்று மயக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். மறுநாள்? மறுவாரம்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக் கடைசியில் சோறே இறங்குவதில்லை, ஐயா. சொல்லாமல் இருந்தது பயத்தாலா, பெருமையாலா, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அதற்குள் என்ன நடந்தது? இதோ, தலைவர் மேசைமேல் ஒரு தீர்மானம். 'பாதுகாப்பு கருதி, கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்பவர்கள் மேட்டுப் பயிற்சிக்கு வர வேண்டாம்.' என் பேச்சு முடிந்ததும் கை தூக்கி நிறைவேற்றப் போகிறீர்கள். யாருடைய பாதுகாப்பு? யார் மெதுவாக வந்ததால் யார் பிழைத்தது? தீர்மானம் வரும் முன்பே தங்கையை எட்டு ஞாயிறாக யாரும் கூப்பிடவில்லையே!

போன வாரம் இந்தக் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க அவர் கடைக்குப் போனேன். அளவெடுத்தார், சாக்கட்டியால் கோடு போட்டார். அந்தச் சாக்கட்டியைப் பார்த்ததும் திருடனுக்குத் தேள் கொட்டியது போல் ஆயிற்று எனக்கு. "விழாவுக்கு வர்றியாம்மா?" என்றேன்.

"என்னை யாரும் கூப்பிடலையே, அண்ணா."

"நான் கூப்பிடுறேன், வந்துடும்மா. நடந்ததை நீயாவது சொல்லியிருக்கலாமே?"

குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

எட்டு வாரம் இருந்திருக்கிறார்! அவர் தைத்துத் தந்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, அவருக்கு உரிய கேடயத்தை வாங்க மேடையேறி நிற்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

தலைவர் அவர்களே! அன்று கப்புகளைப் பொறுக்கி எடுத்துவந்தவர் தாங்கள். வாய்க்கு முப்பத்திரண்டு என்று நாள் முழுதும் எண்ணுகிறவர் தாங்கள். ஓடியவர் பன்னிரண்டு, கவிழ்ந்த கப் எத்தனை? ... சத்தமாகச் சொல்லுங்கள், கடைசி வரிசைக்குக் கேட்கட்டும். ஆம், பதின்மூன்று! எண்ணியிருக்கிறீர்கள், ஏன் என்று கேட்கவில்லை. நானும் எண்ணினேன், திரும்பிப் பார்க்கவில்லை. கப்பை எண்ணினோம், ஆளை எண்ணினோமா? நேரத்தை அளந்தோம், நெஞ்சை அளந்தோமா? வேகத்தைப் பார்த்தோம், வந்து சேர்ந்தாரா என்று பார்த்தோமா?

அந்தத் தீர்மானத்துக்கு என் கை எழாது. என்னோடு சேர்ந்து யார் கை எழாதோ, அவர்கள் கையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ... பேக்கரிக்காரர் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார். அம்மணியும்! தலைவரே, தாங்கள் தாளை ஏன் மடிக்கிறீர்கள்? நன்றாக மடியுங்கள். இன்னொரு மடிப்பு.

கேடயம் மேசைமேல் இருக்கட்டும். இந்த விசிலைக் கழற்றுகிறேன். தங்கையே, வருகிற ஞாயிறு நீங்கள் வாலாக வர வேண்டும் என்று சபையறியக் கேட்டுக்கொள்கிறேன். யோசித்துச் சொல்லுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம், இந்த முறை எங்கள் முறை.

நன்றி சொல்லும் நேரம். எப்போதும் மேடையிலிருந்து தொடங்குவார்கள், கடைசி வரிசைக்கு வரும்போது மூச்சு தீர்ந்துவிடும். நான் அங்கிருந்து தொடங்குகிறேன். கதவோரத் தங்கைக்கு நன்றி. நடு வரிசை நண்பர்களுக்கு நன்றி. முன்வரிசை மூத்தோருக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. தலைவருக்கு நன்றி. என் தலை இன்னும் முழுதாகத் தெளியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. நான்கு ஆண்டுகளாக ஒரே குரல் கொடுத்தவன், இன்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்:

பின்னாடி ஆள் இருக்கு!

வணக்கம்.