தம்புசாமியின் ஓய்வுக்காலப் பணம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்தால் அன்றைய பிழைப்பே கெட்டுவிடும். அதனால் நான் ரவாங்கிலிருந்து ரயிலில்தான் வேலைக்கு வருவேன். எங்கள் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கு ஓய்வுக்காலத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், யாருடைய பணத்திலும் ஒரு வெள்ளிகூட நான் தொட்டதில்லை.

நம் ஆட்கள் சங்கதி உங்களுக்கும் தெரியும். வயதான காலத்துக்கென்று கிடைக்கும் பணத்தை மகள் கல்யாணம், மகனுக்குக் கார் என்று இரண்டே வருடத்தில் கரைத்துவிட்டு, அப்புறம் மருமகள் கையை எதிர்பார்த்து நிற்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்வுபெற்ற தம்புசாமி அண்ணனை அப்படி விடக்கூடாது என்று நினைத்தேன். பணத்தை எங்கள் சங்கத்திலேயே போடவைத்து, அவருக்கும் அவர் மனைவி சீதாலெட்சுமி அக்காவுக்கும் மாதாமாதம் செலவுக்கு வருகிற மாதிரி ஒரு திட்டம் போட்டேன். அவ்வளவு அழகான திட்டத்தை நான் வேறு யாருக்கும் போட்டதில்லை.

போன வருடம் இருவரும் ஆபீசுக்கு வந்தார்கள். அக்காவுக்கு இதயத்தில் அடைப்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் தள்ளிக் கொடுத்திருந்தார்கள். தனியார் டாக்டரோ உடனே செய்யவேண்டும் என்றாராம்.

"தம்பி, அந்தக் காச எடுத்துக் குடுங்க லா. இவ மூச்சு விட முடியாம கஷ்டப்படுறா," என்றார் அண்ணன்.

"இப்ப எடுக்க முடியாது அண்ணே. ரூல்ஸ் அப்படி."

அவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு யாரிடம் போய்க் கேட்பார், பாவம். அக்காதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தம்பி நம்ம நல்லதுக்குத்தான் சொல்லுது. வாங்க, கவர்மெண்ட்லயே பாத்துக்கலாம்."

அதன்பிறகும் அண்ணன் திரும்பத் திரும்ப வந்தார். அதே பதிலைத்தான் சொன்னேன். பதமாகத்தான் சொன்னேன், டீ வாங்கிக் கொடுத்து. ஆபரேஷன் நாள் வருவதற்குள் அக்கா போய்விட்டார். சாவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நின்றது நான்தான்.

கருமாதி முடிந்த மறுவாரம் அண்ணன் தனியாக வந்தார்.

"தம்பி, வைத்தியச் செலவுக்குன்னா எப்ப வேணும்னாலும் எடுக்கலாமாமே. இங்க கவுண்டர்ல இருக்கற புள்ள சொல்லுது. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணே," என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை. கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"அழாதீங்க அண்ணே. ரெண்டு பேருக்குன்னு போட்டப்ப, ஒங்களுக்கு எழுவத்தஞ்சு வயசு ஆகறதுக்குள்ள காசு முடிஞ்சிடும்னு காட்டுச்சு. இப்ப பாருங்க, தொண்ணூறு வரைக்கும் தாங்கும்."