இரண்டாம் பாகத்தின் முதல் ரீல்

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் கதை சொல்லும்போது யாரும் நடுவில் எழுந்து போனதில்லை.

அந்தமானில் இந்த லாங் ஐலண்ட் தீவின் மர ஆலையில் நான் கிளார்க். மரம் உலர்த்தும் அறையின் சாவி எப்போதும் என் இடுப்பில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையின் வெளிச்சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவோம். இங்கிலீஷ் படம் வந்தால் நான்தான் மெகாபோனில் கதை சொல்வேன், தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை.

போன வருஷம் ஒரு பேய்ப்படம் வந்தது. புருஷன் பெண்டாட்டியை நிலவறையில் போட்டுப் பூட்டுகிறான். அவள் கதவைத் தட்டுகிறாள். அதோடு முதல் பாகம் முடிந்துவிட்டது. "அவ செத்தாளா, சொக்கலிங்கம் பாபு?" என்று கூட்டமே கேட்டது. செத்துவிட்டாள் என்றேன். அவள் எப்படிச் செத்தாள் என்று ஒரு வருஷம் படகுத்துறையிலும் டீக்கடையிலும் சொன்னேன். பெண்கள் அழுதார்கள். என்னை ஒரு மனிதனாக மதித்தது அந்த ஒரு வருஷம்தான்.

போன ஞாயிறு மத்தியானக் கப்பலில் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தான் பன்னீர்செல்வம், புரொஜெக்டர் ஓட்டுகிறவன். போர்ட் பிளேரிலேயே படத்தைப் பார்த்துவிட்டானாம்.

"அண்ணே, அவ சாகல. முதல் ரீல்லயே எந்திரிச்சு வர்றா. நீங்க சொன்னதெல்லாம் ஜூட்டு, பொய்யாப் போச்சு," என்று சிரித்தான்.

முதல் ரீலை விட்டுவிட்டு ஓட்டு என்றேன். கெஞ்சவும் செய்தேன்.

"அதெப்படிண்ணே? சாயந்தரம் நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

உள்ளே படாக் மரப் பலகை விரிசல் விட்டிருக்கிறது, வந்து பார் என்று உலர்த்தும் அறைக்குக் கூப்பிட்டேன். வந்தான். நான் மட்டும் வெளியே வந்து பூட்டினேன்.

அவன் வந்த கப்பலிலேயே திரும்பிவிட்டான் என்று சொல்லி, புரொஜெக்டரை நானே ஓட்டினேன். இரண்டாம் ரீலிலிருந்து ஆரம்பித்தேன். திரையில் நடப்பது அவளுடைய ஆவி என்றேன். பாதிப் படத்தில் திரைக்குப் பின்னாலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. "சுனோ, கேளுங்க, அவதான் தட்டுறா," என்றேன். குழந்தைகள் அலறின, ஆண்கள் கைதட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டல் என் ஜென்மத்தில் வாங்கியதில்லை.

திங்கட்கிழமை காலை சங்கு ஊதியதும் வழக்கம்போல அறையைச் சூடேற்றினார்கள். பலகை அடுக்கித் தயாராக இருந்ததால் யாரும் கதவைத் திறக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

வருத்தமா? எதற்கு? என் ஒரு வருஷ மரியாதையை அவன் ஒரு சாயங்காலத்தில் அழிக்கப் பார்த்தான். இந்தாருங்கள் சாவி. நான் கதையை மாற்றியதாக இந்தத் தீவில் ஒருவராவது சொல்லட்டும், பார்க்கலாம். பன்னீர்செல்வமே அதற்குப் பிறகு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.