பெயின்ட் காயற வரைக்கும் சிங்கம்

கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கிட்ட. சுவத்துல மட்டும் சாயாதீங்க, பலகை ஈரமா இருக்குது. மூணாவது மாடிக்குப் புதுசாக் குடி வந்திருக்கீங்களே, நீங்களும் வாங்கம்மா. இப்ப அந்தப் பலகையைப் பார்த்து இன்னா சொன்னீங்க? பூனையா? ஐயையோ. நாளைக்குச் சொல்லுங்க, நாளன்னிக்குச் சொல்லுங்க. இன்னிக்கு அது சிங்கம். பெயின்ட் காயற வரைக்கும் சிங்கம்.

சிரிக்கிறீங்க. உங்க மேல தப்பில்ல. பஸ்ஸுல வந்தப்ப கண்டக்டரே "பூனை ஸ்டாப்பிங் இறங்கு"ன்னுதான் கத்தியிருப்பான். எந்தப் பூனைன்னு அவனுக்கும் தெரியாது. நான் சொல்றேன்.

கடல் இப்ப இருக்கிறதைவிட நமக்குக் கிட்ட இருந்த காலம். ராயபுரத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருந்துச்சாம். ரெண்டு மாட்டு வண்டி எதிரெதிர வந்தா ஒண்ணு பின்னால போயாகணும், அவ்வளவு அகலம். சந்து முனையில ஒரு வெள்ளைக்காரம்மா பிராந்திக் கடை போட்டிருந்தாளாம். பெக்கி துரைசாணி. கப்பல்லேர்ந்து இறங்குற ஆளுங்கதான் அவ கடைக்கு வர்றவங்க. பத்து தேசத்து ஆளுங்க, பத்து பாஷை. எழுதி வச்சா எவனுக்கும் படிக்கத் தெரியாது. அதனால படம் போட்ட பலகை ஒண்ணு வாசல்ல தொங்கணும்னு சொன்னாளாம். இன்னா படம்? சிவப்புச் சிங்கம். அவ ஊர்ல பிராந்திக் கடைன்னா வாசல்ல அப்படித்தான் தொங்குமாம்.

வரைய வந்தவரு எங்கப்பாவோட தாத்தா, ஏகாம்பரம். வண்டிச் சக்கரத்துக்கும் படகுக்கும் பெயின்ட் அடிக்கிறவரு. சிங்கத்தைக் கண்ணால பார்த்ததில்ல.

"சிங்கம் எப்படிம்மா இருக்கும்?"னு கேட்டாராம்.

துரைசாணி சமையல்காரனை வச்சுச் சொல்லச் சொன்னாளாம். அவன் சொன்னானாம், "பூனை மாதிரி இருக்கும்யா. ஆனா பெருசு. மூஞ்சிப் பக்கம் மயிர் நிறைய இருக்கும்."

பூனை மாதிரி, ஆனா பெருசு. தாத்தா ஒரு பூனையைப் பெருசா வரைஞ்சாராம். மூஞ்சிப் பக்கம் மயிர் நிறைய இருக்கணுமே, அதுக்கு மீசையை மட்டும் காது வரைக்கும் இழுத்து விட்டாராம். ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சிறுசு. மேல சிவப்பு அடிச்சாரு. தேக்குப் பலகை, நல்ல கனம். நாலு பேரு தூக்கி மாட்டினாங்களாம்.

துரைசாணி வந்து பார்த்தா. தலையில கை வச்சா. அதுக்குள்ள கடையில இருந்த கப்பல்காரனுங்க வெளிய வந்து பார்த்துட்டு, விழுந்து விழுந்து சிரிச்சானுங்களாம். மறுநாள் அதைப் பார்க்கவே இன்னும் பத்து பேரு வந்தானுங்க. அதுக்கு மறுநாள் இருபது பேரு. கூட்டம் சேரச் சேர, துரைசாணி பலகையைக் கழட்டவே இல்லையாம்.

அன்னிலேர்ந்து அந்தக் கடை சிவப்புப் பூனைக் கடை. அந்தச் சந்து சிவப்புப் பூனைச் சந்து. எந்த தேசத்துல கப்பல் ஏறினவனும், கரை இறங்கினா அந்தப் பூனையைக் கேட்டுக் கேட்டு வந்துடுவானாம்.

எல்லாரும் பூனைன்னாங்க. ஒரே ஒருத்தரு மட்டும் ஒத்துக்கலை. ஏகாம்பரம் தாத்தா.

"சிங்கம்டா அது! கண்ணு அவிஞ்சு போச்சா உங்களுக்கு?"

அவரு தெருவுல நடந்தா பின்னாலேர்ந்து யாராவது "மியாவ்"ம்பாங்களாம். தாத்தா திரும்புவாரு. எல்லாரும் வேற எங்கியோ பார்த்துக்கிட்டு நிப்பாங்க. நாலடி நடப்பாரு. "மியாவ்." இப்படி ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, நாப்பது வருஷம். சிங்கம் சிங்கம் சிங்கம்னு நாப்பது வருஷம் சண்டை போட்டாராம் மனுஷன்.

அவருக்கு ஒரு பொண்ணு. எத்திராஜம்மா. எங்கப்பாவுக்கு அத்தை, அப்புறம் ஊருக்கே அத்தை. அத்தை கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சப்ப, தாத்தா பிடிவாதமா "சிங்கச் சந்து"ன்னு போட்டுட்டாராம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க செங்கல்பட்டுப் பக்கம். வண்டியை விட்டு இறங்கி, "சிங்கச் சந்து எங்க இருக்குது, சிங்கச் சந்து எங்க இருக்குது"ன்னு ராயபுரம் முழுக்கச் சுத்தினாங்களாம். ஒருத்தருக்கும் தெரியலை. இங்க மேளக்காரன் உக்காந்து உக்காந்து தூங்கிட்டான். முகூர்த்தம் தப்பப் போகுது. கடைசியில மாப்பிள்ளை துரைக்கண்ணு ஒரு படகுக்காரனை மறிச்சு, "பெயின்டர் ஏகாம்பரம் வூடு"ன்னு கேட்டாராம். அவன், "ஓ, பூனை வூடா? முன்னாடியே சொல்லக் கூடாது?"ன்னானாம். ஓடி வந்து தாலி கட்டினாராம்.

தாலி கட்டின கையோட அத்தை சொல்லுச்சாம், "நைனா, சிங்கத்தைத் தேடினா யாரும் நம்ம வூட்டுக்கு வர முடியாது."

தாத்தா மூணு நாள் பேசலையாம்.

இதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க.

துரைக்கண்ணுக்குக் கப்பல்ல வேலை. அடித்தட்டுல நின்னு அடுப்புக்குக் கரி தள்றது. போனா ஆறு மாசம், எட்டு மாசம். எழுதப் படிக்கத் தெரியாது. கடுதாசி கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரு நாள் கறுப்பா வந்து நிப்பாராம், "சோறு போடு எத்திராஜி"ன்னு. அவ்வளவுதான் தகவல். அந்தச் சந்துல அது மாதிரி பதினோரு வீடு. பதினோரு ஆம்பளைங்க கப்பல்ல.

அப்பத்தான் பெரிய யுத்தம் வந்துச்சு. ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு பட்டணமே மூட்டை கட்டின வருஷம். துரைசாணி கடையைப் பூட்டிட்டு பெங்களூர்ப் பக்கம் போயிட்டாளாம். அவ போன கையோட ஒரு ஓவர்சீயர் வந்தாராம். சரக்கு ரயிலுக்குத் தண்டவாளம் போடணும், சந்து முழுக்க இடிக்கணும், எட்டு நாள்ல காலி பண்ணுங்க. கொருக்குப்பேட்டை தாண்டி இடம் தர்றோம். இதோ, நாம உக்காந்திருக்கோமே, இந்த இடம்தான். அப்ப இங்க சேறும் கோரையும்தானாம்.

ஜனங்க அழுதாங்க. பாத்திரத்தைத் தூக்கினாங்க. அத்தை மட்டும் பாத்திரத்தைத் தொடலையாம். நடுத்தெருவுல நின்னு பலகையையே பார்த்துச்சாம்.

"இன்னாடி, கல்லு மாதிரி நிக்கிறே?"ன்னு பக்கத்து வீட்டு சம்பூர்ணம் கேட்டாளாம். அவ புருஷனும் கப்பல்ல.

"யக்கா, இந்த மனுஷன் திரும்பி வந்தா எங்கன்னு வருவாரு? உன் வூட்டுக்காரரு எங்கன்னு வருவாரு? தெருவே இருக்காது. நாம செத்துட்டோம்னு நினைச்சு அடுத்த கப்பல் ஏறிடுவாங்க."

சம்பூர்ணம் தூக்கின பாத்திரத்தைக் கீழ வச்சுட்டாளாம்.

"அதனால பூனை நம்மளோட வரணும்"னு சொல்லுச்சாம் அத்தை.

பலகையைக் கழட்ட ஏணி போட்டாங்க. ஓவர்சீயர் ஓடி வந்தாராம்.

"ஏய், தொடாதே! இடிக்கிற சாமான் எல்லாம் கான்ட்ராக்டருக்கு. கதவு, உத்தரம், ஓடு, எல்லாம் காகிதத்துல ஏறியாச்சு. இதோ பார், லயன் படம் போட்ட தேக்குப் பலகை, ஒண்ணு."

அத்தை கேட்டுச்சாம், "லயன்னா இன்னா சாமி?"

"சிங்கம்."

"அப்ப சிங்கத்தை நீங்க எடுத்துக்குங்க சாமி. நாங்க கேக்கலை. இது பூனையாச்சே."

ஓவர்சீயர் தலையைத் தூக்கிப் பார்த்தாராம். பார்த்தாரு, பார்த்தாரு, பார்த்துக்கிட்டே இருந்தாரு. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டுத் திரும்பவும் பார்த்தாராம்.

"ஏம்பா, இது இன்னா?"ன்னு கூலி ஆளைக் கேட்டாரு.

"பூனைங்க."

கான்ட்ராக்டர் ஆளைக் கேட்டாரு. அவன் தேக்கு மேல கண்ணு வச்சவன். வாயைத் திறந்தான், மூடினான். "பூனை மாதிரிதாங்க இருக்குது. ஆனா சிங்கம்னு வச்சுக்கலாம்"னானாம்.

ஓவர்சீயர் நேர்மையான மனுஷன். காகிதத்துல இருக்கிறதை விடமாட்டாரு, இல்லாததைத் தொடமாட்டாரு. "வரைஞ்சவன் உசிரோட இருக்கானா? கூப்பிடு. அவன் சொல்லட்டும்"னாராம்.

அத்தை இதை எதிர்பார்க்கலை. யாரை வேணும்னாலும் கேக்கலாம், நைனாவைக் கேக்கக் கூடாதே. நாப்பது வருஷமா அந்த ஒரே வார்த்தைக்காகச் சண்டை போட்ட மனுஷனாச்சே!

தாத்தா வந்தாரு. கையில பிரஷ் பெட்டி. எழுபதை நெருங்குற வயசு. சந்து ஜனம் முழுக்க நிக்குது. ஒரு மியாவ் இல்ல, ஒரு இருமல் இல்ல.

"பெரியவரே, இந்தப் படம் நீங்க போட்டதா?"

"ஆமாங்க."

"இது இன்னா மிருகம்?"

தாத்தா பலகையைப் பார்த்தாராம். மகளைப் பார்த்தாராம். அத்தை தலையைக் குனிஞ்சுக்கிச்சு. தாத்தா இன்னொரு தரம் பலகையைப் பார்த்தாராம்.

"பூனைங்க."

"நிச்சயமா?"

"நான் வரைஞ்சதுங்க. எனக்குத் தெரியாதா? பூனைதான்."

"அப்ப காகிதத்துல லயன்னு எழுதியிருக்கே?"

"எழுதினவரு பூனையைப் பார்த்ததில்ல போலிருக்குங்க"ன்னாராம்.

யாரும் சிரிக்கலையாம். சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஒருத்தர் கூடச் சிரிக்கலை. ஓவர்சீயர் காகிதத்துல அந்த வரியை அடிச்சாரு. நாலு பேரு பலகையை இறக்கி, தலையில வச்சு, இங்க தூக்கிட்டு வந்தாங்க. எட்டாம் நாள் சந்து இல்ல. கடை இல்ல. வீடு இருந்த இடத்துல கருங்கல் ஜல்லி.

பலகை வந்துடுச்சு. ஆனா துறைமுகம் எங்க, இந்தச் சேறு எங்க? இங்க ஒரு பூனை இருக்குதுன்னு கப்பல்ல வர்றவனுக்கு எப்படித் தெரியும்? அத்தை ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை விரிச்சு வச்சு, பலகையைப் பார்த்துப் பூனையைக் கோடு இழுத்துச்சாம். சின்னதா இல்ல, முறம் அளவுக்கு, தலையை மட்டும். ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சிறுசு, காது வரைக்கும் மீசை. தாத்தா அதை உளியால வெட்டிக் குடுத்தாராம். தகரத்தைச் சுவத்துல வச்சு மேல சிவப்பைத் தடவினா, பூனை மூஞ்சி ஒரு பக்கமாத் திரும்பிப் பார்க்கும். தகரத்தைப் புரட்டி வச்சுத் தடவினா, அந்தப் பக்கமாப் பார்க்கும். புரியுதா? எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம் பூனை பார்க்கும்.

துறைமுக வாசல்ல முதல் பூனை. அங்கேர்ந்து இந்த இடம் வரைக்கும் முப்பத்தேழு பூனை. பட்டப்பகல்ல, வெயில்ல எவனும் வெளிய வராத நேரத்துல, அத்தையும் சம்பூர்ணமும் டப்பாவைத் தூக்கிட்டுப் போவாங்களாம். ஒரு நாள் போலீஸ்காரன் பிடிச்சுட்டான்.

"இன்னாம்மா பண்றே சுவத்துல?"

"எலித் தொல்லைங்க ஐயா. பூனையைக் கண்டா ஓடிடும்."

"படத்தைப் பார்த்து எலி ஓடுமா?"

"எங்க பேட்டை எலிங்களுக்கு அவ்வளவா வெவரம் பத்தாதுங்க."

அவன் சிரிச்சுட்டுப் போயிட்டானாம். மழையில அழிஞ்சா திரும்ப அடிப்பாங்க. சுண்ணாம்பு அடிச்சு மறைச்சா திரும்ப அடிப்பாங்க. ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம்.

முதல்ல ஒருத்தன் வந்தான். ரங்கூன்லேர்ந்து நடந்தே வந்தவன். அப்புறம் இன்னொருத்தன். யுத்தம் முடிஞ்ச பிறகு ரெண்டு பேரு சேர்ந்து வந்தாங்க. ஒவ்வொருத்தனும் பூனையைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் வந்தான். அத்தை ஒவ்வொருத்தனுக்கும் சோறு போட்டுட்டு, "துரைக்கண்ணைப் பார்த்தியா?"ன்னு கேக்குமாம். பார்க்கலைம்பாங்களாம்.

யுத்தம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு, மார்கழி கடைசி, ஒரு நாள் காலையில அத்தை தண்ணி பிடிச்சுக்கிட்டு இருக்குது. பின்னால ஒரு குரல்.

"இன்னா எத்திராஜி, உங்க நைனா பூனை ஊர் முழுக்கக் குட்டி போட்டிருக்குது?"

குடம் கீழ விழுந்து உருண்டுச்சாம். குடிசைக்குள்ள படுத்திருந்த தாத்தா சிரிச்சாராம். பலகை இங்க வந்ததிலேர்ந்து அவரு சிரிச்சு யாரும் பார்க்கலையாம்.

பதினோரு பேருல எட்டுப் பேரு வந்தாங்க. மூணு பேரு வரலை. சம்பூர்ணத்தோட வீட்டுக்காரரும் வரலை. வருஷா வருஷம் போகிக்கு மொத நாள் பலகைக்கு முதல் பிரஷ் அந்த மூணு வீட்டு வாரிசுங்கதான் வைக்கணும்னு இருக்கே, அது அதுக்குத்தான்.

இப்ப நீங்க பூனையான்னு கேட்டதுக்கு வர்றேன்.

அந்தப் போகிக்கு மொத நாள், பலகையை இறக்கிப் புதுசா சிவப்பு அடிச்சுச்சாம் அத்தை. தாத்தா பக்கத்துல கட்டில்ல. எழுந்துக்க முடியாத நிலைமை. பலகையை அவரு கண்ணுக்கு நேரா நிமிர்த்தி வச்சு, எல்லாரையும் கூப்பிட்டுச்சாம்.

"நைனா, இது இன்னா?"

"பூனைம்மா"ன்னாராம். அஞ்சு வருஷமா அவரு வேற எதுவும் சொன்னதில்ல. சிங்கம்னு சொன்னது கான்ட்ராக்டர் காதுல விழுந்து, ஆளை அனுப்பிப் பலகையைப் பிடுங்கிட்டா? அந்தப் பயம்.

அத்தை ஜனங்க பக்கம் திரும்பிச்சாம். "நீங்க சொல்லுங்க. இது இன்னா?"

நாப்பது வருஷமா மியாவ் சொன்ன வாய் எல்லாம் அங்கதான் நிக்குது. முதல்ல சம்பூர்ணம் சொன்னாளாம், "சிங்கம்." பக்கத்துல இருந்தவன் சொன்னான், "சிங்கம்." அப்புறம் எல்லாரும், பெருசு சிறுசு எல்லாரும், "சிங்கம், சிங்கம்."

துரைக்கண்ணு மட்டும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாராம். "நான் பூனையைப் பார்த்துத்தானே வந்தேன்?"

அத்தை முழங்கையால ஒரு இடி. "காயற வரைக்கும் சிங்கம்யா. காஞ்சதும் பூனை. இன்னும் மூணு பேரு வரணுமில்ல?"

"சிங்கம்"னாராம் அவரும்.

தாத்தா கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு. கையை நீட்டி, ஓரமா ஒரு விரலால பலகையைத் தொட்டுப் பார்த்தாராம். பெயின்டர் கையில்ல, சும்மா இருக்குமா?

"ஈரம் இருக்குது. சாயந்தரத்துக்குள்ள காஞ்சிடும்"னு சொன்னாராம்.

"இன்னொரு கோட்டு அடிக்கணும் நைனா"ன்னுச்சாம் அத்தை. ஆளிவிதை எண்ணெயைக் கூடுதலா ஊத்தினா பெயின்ட் லேசுல காயாதுன்னு அத்தைக்குச் சொல்லிக் குடுத்ததே தாத்தாதான். அவருக்கு முதுகைக் காட்டி உக்காந்து, டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டி ஊத்த வேண்டிய இடத்துல மூணு கரண்டி ஊத்தி, மெதுவாக் கலக்க ஆரம்பிச்சுச்சாம்.